திருமண வேலைகளைக் குறைத்துக்கொண்டு போர்ட்ரெய்ட் (முகப்படம்) எடுக்க நினைக்கிறேன். வருமானமும் வீடும் தாங்குமா?

குழித்துறையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு உறவினர் ஒருவருடைய ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு திருமணங்களுக்கு லைட் பிடிக்கும் பையனாகப் போய், கடன் வாங்கிச் சொந்தக் கேமராவுக்கு வந்தவன். இன்று இரண்டு உதவியாளர்களை வைத்துக்கொண்டு திருமணம், புதுநன்மை (கத்தோலிக்கப் பிள்ளைகளின் முதல் நற்கருணை), வீடு பால்காய்ப்பு என்று அழைக்கிற இடத்துக்கெல்லாம் போகிறேன். பிழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்தது திருமண மேடை அல்ல. அந்த உறவினர் வாடிக்கையாளரை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு உடனே படம் எடுக்கமாட்டார். ஊரைப் பற்றி, மழையைப் பற்றி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே விளக்கை நகர்த்துவார். பேச்சில் அவர்களுடைய தோள் தளர்ந்து, கேமரா இருப்பதே மறந்துபோன ஒரு நொடியில் ஷட்டர் விழும். அப்படி ஒரு முகத்தை முழுதாக வாங்குவதுதான் நான் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட வேலை.

சில காலமாக ஒரு தொகுப்பு மனத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்தில் கையால் உழைத்துப் பிழைப்பவர்களை, அவரவர் வேலையிடத்திலேயே, வேலைக் கருவியோடு, நேராகக் கேமராவைப் பார்க்கவைத்து எடுக்க வேண்டும். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், தோவாளையில் மாலை கட்டுகிறவர், முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண்கள், முட்டத்தில் வலை பொத்துகிறவர், மிஞ்சியிருக்கும் பனையேறிகள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறேன். ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் கொலோன் நகரில் காசுக்குப் படமெடுக்கும் ஸ்டுடியோவை நடத்திக்கொண்டேதான் உழவர், செங்கல் சுமப்பவர், பலகாரம் செய்பவர் எனத் தம் காலத்து மனிதர்களை ஒவ்வொருவராக எடுத்துச் சேர்த்தார். அவற்றில் 60 முகங்கள் 1929இல் புத்தகமாகவும் வந்தன. அவருக்கு இயன்றது நமக்கு ஏன் இயலாது என்று ஆரம்பித்தேன். சில முகங்களோடு நிற்கிறது.

காரணம் நேரம். மற்ற மாவட்டத்து நண்பர்களுக்கு ஆடியும் மார்கழியும் ஓய்வு மாதங்கள். நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறத்தாழ 49 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 47 விழுக்காடு. ஆகவே ஆடியில் முகூர்த்தம் நின்றால் ஆலயத்தில் மணி அடிக்கும், தவக்காலத்தில் ஆலயத் திருமணங்கள் நின்றால் மாசி முகூர்த்தம் வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை வைத்துக் குறிக்கிற திருமணங்களைச் சொல்லவே வேண்டாம். என் மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர், ஷிப்ட் வேலை. மகள் நான்காம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. அம்மா உடன் இருக்கிறார்கள், ஆனால் மூட்டுவலியோடு ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் ஓட அவர்களால் முடியாது.

மனைவி குறை சொல்லவில்லை. "இந்தத் தொகுப்பை வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுப்பதாக இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இங்கே எழுதுகிறேன். திருமணங்களைக் குறைத்தவர்கள் எந்த அளவுக்குக் குறைத்தீர்கள், போர்ட்ரெய்ட்டால் நம் ஊரில் வருமானம் வருமா, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது இதைத் தொடங்குவது சரிதானா, அல்லது அவர்கள் வளரும்வரை காத்திருக்க வேண்டுமா?

---

பழைய ஸ்டுடியோ, நாகர்கோவில்

தம்பிக்கு வணக்கம். நான் பிலிம் காலத்து ஆள். ஸ்டுடியோவை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: காத்திருக்க வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களுடைய படிப்புச் செலவு வரும், அப்போது இன்னும் அதிகத் திருமணங்களை ஒப்புக்கொள்வீர்கள்.

எங்கள் காலத்தில் இந்த வேலைக்குத் தானாகவே ஒரு வேலி இருந்தது. 120 ரோலில் 12 படம், 35 எம்எம் ரோலில் 36 படம். ஒவ்வொரு படத்துக்கும் காசு ஆகும் என்பதால் எண்ணித்தான் எடுப்போம். நெகட்டிவ் கழுவுவதும், முகத்தில் உள்ள பள்ளத்தை நெகட்டிவின் மேல் பென்சிலால் தொட்டுச் சரிசெய்வதும், பிரிண்ட் போடுவதும் ஸ்டுடியோவுக்குள்தான் முடியும். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரைத் தூக்கிக்கொண்டு யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். கதவைப் பூட்டினால் வேலை உள்ளே, நாம் வெளியே. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் தேர் என்று சில நாள்கள் மட்டும் நேரங்காலம் பாராமல் ஓடும். புதுச்சட்டை போட்டு ஊரிலிருந்து வந்த குடும்பம் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே ஸ்டுடியோவுக்கும் வந்துவிடும். மற்றபடி இரவுச் சாப்பாட்டை வீட்டில்தான் சாப்பிட்டேன். பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் நாற்றத்தில் இருமிக்கொண்டே வாழ்ந்தவன் நான். வேலி போய்விட்டது, அதை நீங்களே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இனி போர்ட்ரெய்ட்டுக்கு நம் ஊரில் தேவை உண்டா என்ற கேள்வி. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபின் வந்த வாரங்களில் எங்கள் கடைக்கு வந்தவர்களை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் படத்தைப் பெரிதாக்கித் தரும்படி கேட்டு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை என்ன? வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகத்தில் ஒட்டி அதன்மேல் முத்திரை விழுந்த படம், யாருடைய திருமணத்திலோ மூன்றாம் வரிசையில் பாதி முகம், வள்ளத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கும் கைப்பேசிப் படம், அதுவும் வாட்ஸப்பில் நாலு கை மாறி மங்கியது.

பாஸ்போர்ட் படம் 35க்கு 45 மில்லிமீட்டர். அதைச் சுவரில் மாட்டுகிற 12க்கு 18 அங்குலத்துக்குக் கொண்டுபோக ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். நல்ல பிரிண்ட் வர 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், கையில் இருப்பதோ அதில் ஒரு துணுக்கு. இமைமயிர் என்று ஒன்று அந்தப் படத்தில் இருக்காது. நாம் வரைந்து சேர்க்கலாம், சேர்த்தோம்; ஆனால் வரைந்த கண் வேறு ஒருவருடைய கண்ணாக ஆகிவிடுகிறது. ஒரு தாயார் பிரிண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "சட்டை அவனுடையதுதான்" என்று மட்டும் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்த வீடுகளில் திருமண ஆல்பம் இருந்தது, கனமான கரிஸ்மா ஆல்பம். அதில் மணமக்களைத் தவிர வேறு யாருக்கும் தனி முகம் இல்லை. வீட்டைத் தூக்கி நிறுத்திய மனிதரை யாரும் ஒருமுறைகூடத் தனியாக உட்காரவைத்து எடுக்கவில்லை.

ஆகவே உங்கள் தொகுப்பை ஒரு பக்கமும் வருமானத்தை மறுபக்கமும் வைத்துப் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. அந்த ரப்பர் தொழிலாளியின் வீட்டுக்கே போய், அவரைத் தனியாகவும் அவருடைய மனைவி மக்களோடு சேர்த்தும் எடுங்கள். குடும்பப் படத்துக்கு அவர்களால் இயன்ற ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, தனிப்படத்தைச் சட்டம் போட்டு இலவசமாகக் கொடுங்கள். அந்தத் தனிப்படம்தான் உங்கள் தொகுப்புக்கு. ஒரு தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் அது ஏறினால், அடுத்த வீட்டுக்காரர் தாமாக உங்களைத் தேடி வருவார். சாண்டரின் தொகுப்புக்கும் அடித்தளம், அவரிடம் படம் எடுத்துக்கொண்ட மலைக்கிராமத்து உழவர்கள்தான்; கலைக்கூடங்கள் அதன்பிறகுதான் வந்தன.

---

தக்கலை டீச்சர்

நான் புகைப்படக்காரர் அல்ல; ஒரு புகைப்படக்காரரின் மனைவி. இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். உங்கள் மனைவி கேட்ட கேள்வியை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, தம்பி.

எங்கள் வீட்டு அனுபவத்தில் குடும்பத்தின் நேரத்தைத் தின்றது திருமணமே அல்ல. திருமண நாள் எது என்று முன்பே தெரியும். அன்று அவர் வரமாட்டார் என்று பிள்ளைகளுக்கும் தெரியும், அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அதற்குப் பிந்திய வேலைதான் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு திருமணத்துக்கு 3000 படம் எடுத்துக்கொண்டு வந்தால், அவற்றைக் கழித்து, நிறம் திருத்தி, பெண் வீட்டார் ஒருமுறையும் மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறையும் தேர்ந்தெடுத்து, "பெரியப்பா படம் விட்டுப்போயிற்று" என்று திரும்ப மாற்றி, ஆல்பம் வடிவமைத்து முடிக்கும்போது, கேமராவைப் பிடித்த நேரத்தைப்போல் மூன்று பங்கு நேரம் கணினியின் முன்னால் போயிருக்கும். அந்த மூன்று பங்குக்கு யாரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. அது முழுவதும் வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட நேரம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். எல்லாம் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. முதலாவது, கணினி வீட்டிலிருந்து கடைக்குப் போயிற்று. இதற்கு அவர் சம்மதிக்க நாளாயிற்று, நானும் விடவில்லை. இரண்டாவது, முன்பணம் வாங்கும் தாளிலேயே எத்தனை படம் திருத்தித் தரப்படும், எத்தனை முறை மாற்றம் செய்யப்படும், எந்தத் தேதியில் ஆல்பம் கிடைக்கும் என்று எழுதத் தொடங்கினோம். அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டவர்களும் உண்டு. இருந்தவர்கள் இரவு பத்து மணிக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். ஆல்பம் வடிவமைப்பை வெளியே லேபுக்குக் கொடுத்துவிட்டோம். அதற்கு ஆகும் செலவைவிட அவர் வீட்டில் இருப்பதன் மதிப்பு அதிகம் என்பதை நான் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் காட்டினேன். அவர் வராத நாள்களில் டியூஷனுக்கும், ஆட்டோவுக்கும், ஓட்டல் சாப்பாட்டுக்கும் நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்த பணம் அந்தக் கணக்கில் வந்தது.

போர்ட்ரெய்ட் இந்த விஷயத்தில் வீட்டுக்கு நல்ல தொழில். ஒருவரை இரண்டு மணி நேரம் எடுத்தால் நூற்றுச் சொச்சம் படம் இருக்கும், பத்தைத் திருத்திக் கொடுத்தால் போதும். தேதியையும் நேரத்தையும் குறிப்பவர் சோதிடரோ பாதிரியாரோ அல்ல, நீங்கள். அதனால் உங்கள் மனைவியின் ஷிப்ட் பட்டியல் மாதத் தொடக்கத்தில் வந்ததும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் நாள்களை எழுதுங்கள். உங்கள் பட்டியலை எழுதி முடித்துவிட்டு அவளுடைய ஷிப்டை அதற்குள் திணிக்கச் சொல்லாதீர்கள். அவளும் வேலைக்குப் போகிறவள்.

வருமானம் முதல் வருடம் குறைந்தது, உண்மை. ஆவணி, தை மாதத் திருமணங்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தெரிந்த பையன்களுக்குக் கைமாற்றிவிட்டோம். ஒரேயடியாக விட்டிருந்தால் நானே சம்மதித்திருக்க மாட்டேன்.

---

குளச்சல் நிழல்

டீச்சர் அக்கா சொன்னதற்கு மேல் வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பிறந்த குழந்தைகளையும் தாய்மார்களையும் எடுக்கும் பெண் புகைப்படக்காரி நான். எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஆண்கள் யாரிடமும் "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை, என்னிடம் கேட்காதவர் இல்லை என்பதை மட்டும் பதிவுசெய்துவிட்டு, உங்கள் தொகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

நல்ல வெளிச்சத்தைத் தேடி அலைவதுதான் போர்ட்ரெய்ட் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பொன்வெயில் நேரத்தை நம்பி மாலையெல்லாம் கடற்கரையில் காத்திருக்கும் பழக்கம் மேல்நாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்தது. நாம் இருப்பது வடக்கு அட்சரேகை 8 பாகையில். இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கும். அடிவானத்துக்கு மேலே பத்துப் பாகை உயரத்தில் இருக்கும் சூரியன் நாற்பது நிமிடத்தில் கடலுக்குள் போய்விடும். அந்த நாற்பது நிமிடத்துக்காகப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, குளித்து, வீட்டுப்பாடம் எழுதும் நேரம் முழுவதையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் அதை விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக வீட்டுத் தாழ்வாரம் இருக்கிறது. நம் பக்கத்து ஓட்டு வீடுகளில் கூரை நன்றாகத் தாழ்ந்து இறங்கியிருக்கும். காலை ஒன்பது மணிக்குமேல் தலைக்கு மேலிருந்து விழும் வெயிலை அது வெட்டிவிடும். ஆளைத் திண்ணையின் விளிம்பில், முற்றத்தைப் பார்த்தபடி உட்காரவைத்தால், எதிரே உள்ள வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழும், பின்னால் உள்ள அறை இருட்டாகிப் பின்புலமாகும், கண்ணில் முற்றத்தின் வெள்ளைப்புள்ளி தெரியும். வேறு விளக்கே வேண்டாம். நண்பகலிலும் எடுக்கலாம், அதாவது பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது. 50 எம்எம் லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 4, கேமராவுக்கும் முகத்துக்கும் இடையே ஆறடிக்குக் குறையாத தூரம். இதைவிட நெருங்கிப் போனால் மூக்கு பெரிதாகும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் குற்றம். தென்மேற்குப் பருவமழைக் காலம் இன்னும் நல்லது: வானமே திரையாகிவிடும், நாள் முழுவதும் ஒரே வெளிச்சம்.

கடற்கரையில்தான் எடுக்க வேண்டுமென்றால் மணலைப் பாருங்கள். வெண்மணல் கீழிருந்து ஒளியைத் திருப்பி அடித்துத் தாடைக்குக் கீழே உள்ள நிழலை நிரப்பும். ஆனால் கண்ணைச் சுருக்கவும் வைக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட் கலந்த கறுமணல். அங்கே அந்த வெளிச்சம் திரும்பி வராது, கண்குழியும் கழுத்தும் இருண்டுவிடும். மீன் விற்கும் ஓர் அம்மாவை அங்கே எடுத்தபோது அவருடைய மீன் சட்டியை மூடியிருந்த வெள்ளைச் சாக்கையே மடியில் விரித்துக்கொள்ளச் சொன்னேன், முகம் எழுந்து வந்தது. மேலும் ஒன்று: கருத்த முகம் பிரேமை நிறைத்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்த்து வெளுக்க வைக்கும், பின்னால் கடல் பளபளத்தால் அதே முகத்தைக் கரியாக்கும். கேமராவுக்குள் விழும் வெளிச்சத்தை முதலாவதற்குக் குறைத்தும் இரண்டாவதற்குக் கூட்டியும் வைக்க வேண்டும். அப்படிச் சரியாக எடுத்த நிறத்தைக் கணினியில் வெளுப்பாக்கித் தருகிற வழக்கம் நம் தொழிலில் இருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று. உழைப்பாளிகளின் தொகுப்பில் அதைச் செய்துவிடாதீர்கள்.

மீனவர்களை எப்போது எடுப்பது என்று கேட்பீர்கள். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாள்களில் ஆண்கள் கரையில் வலை பொத்திக்கொண்டும் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். ஆனால் கையில் காசு இருக்காது, ஆகவே பழைய ஸ்டுடியோ அண்ணாச்சி சொன்ன குடும்பப் படத் திட்டத்தை அந்த மாதங்களில் காசுக்கு முயலாதீர்கள்.

வீட்டில் இருந்துகொண்டே பெரிய வேலை செய்ய முடியுமா என்ற சந்தேகத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1815இல் கொல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், 48ஆம் வயதில் மகளும் மருமகனும் கேமராவைப் பரிசாகக் கொடுக்க, கோழிக்கூண்டைக் கண்ணாடி ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்டு, வீட்டு வேலைக்காரப் பெண்களையும் உறவுப் பிள்ளைகளையும் வந்த விருந்தாளிகளையும் எடுத்தே பெயர் பெற்றார். 1879இல் இலங்கையில் காலமானார். அவருக்குப் பணிப்பெண்கள் இருந்தார்கள், நமக்கு இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அவர் முகங்களைத் தேடி வெளியே போகாமல், தம் வாசலுக்கு வந்தவர்களையே எடுத்தார் என்பது உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படும் செய்தி. குலசேகரத்துக்குப் போவதற்குமுன் குழித்துறையில் உங்கள் தெருவில் தொடங்கலாமே.

---

இரணியல் வழக்கறிஞர்

சுருக்கமாக இரண்டு செய்திகள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துத் தமக்காக எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தப் பணம் கொடுத்தவரே, புகைப்படக்காரர் அல்ல. ஆகவே அண்ணாச்சி சொன்ன முறையில் குடும்பப் படத்துக்குக் காசு வாங்கி, தனிப்படத்தைத் தொகுப்புக்கு வைத்துக்கொள்வதாக இருந்தால், எது யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கண்காட்சி, புத்தகம், இணையம் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு.

இரண்டாவது, குளச்சல் சகோதரி "வாசலுக்கு வந்தவர்களை எடுங்கள்" என்றதைக் கேட்டு உங்கள் பிள்ளைகளையே மாடலாக்கிவிட வேண்டாம் என்று ஒரு தகப்பனாகக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்கரான நிக்கோலஸ் நிக்சன் தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் ஆண்டுதோறும் ஒரே வரிசையில் நிற்கவைத்து எடுத்தார். அவர்கள் வளர்ந்த பெண்கள், விருப்பத்தோடு நின்றார்கள். மூன்று வயதுப் பிள்ளையால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதில் நிலைத்து நிற்க முடியாது. அப்பா வீட்டில் இருக்கும் நேரமும் கேமராவின் நேரமாகிவிட்டால், அவர் வெளியே போயிருப்பதற்கும் அதற்கும் பிள்ளைக்கு என்ன வேறுபாடு?

---

குளச்சல் நிழல்

வழக்கறிஞர் அண்ணனுக்கு: நான் சொன்னது தெருவை, பிள்ளைகளை அல்ல. ஆனாலும் என் மகளை நான் எடுத்திருக்கிறேன், இனியும் எடுப்பேன். இணையத்தில் போடமாட்டேன். அவ்வளவுதான் என் எல்லை.

---

குழித்துறையான்

எல்லாருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு இந்தப் பதில்களை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் அக்காவின் பதிலை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். கணினி இந்த வாரம் கடைக்குப் போகிறது.

தவக்காலத்திலும் ஆடியிலும் புதிய திருமணங்களை ஒப்புக்கொள்வதில்லை, ஏற்கெனவே முன்பணம் வாங்கியவற்றை முடித்துக் கொடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பினால், மகளைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விடலாம். மனைவிக்கு இரவு ஷிப்ட் இல்லாத வாரங்களில் மட்டும். ரப்பர் பால் வெட்டு விடியற்காலையில் நடப்பதால் அதற்கு இது பொருந்துகிறது. தாழ்வாரத்து வெளிச்சத்தை எங்கள் தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் பெரியவரிடம் முதலில் முயல்கிறேன், அவரும் சம்மதித்துவிட்டார்.

அண்ணாச்சியிடம் ஒரு தொழில் கேள்வி. ரப்பர் தோட்டத்துக்குள் எடுத்த படங்களில் முகம் முழுவதும் பச்சை ஏறி நோயாளியைப் போல் தெரிகிறது. கேமராவின் ஒயிட் பாலன்ஸை (நிறச் சமநிலையை) மாற்றினால் சட்டையின் நிறம் கெடுகிறது. அந்த நேரத்தில் அங்கே வெளிச்சமும் மிகக் குறைவு. என்ன செய்யலாம்?

---

பழைய ஸ்டுடியோ, நாகர்கோவில்

இலை வழியாக வடிகட்டி வரும் வெளிச்சம் பச்சையாகத்தான் இருக்கும், தம்பி. திருத்திப் பயனில்லை, இடத்தை மாற்றுங்கள். பால் வெட்டும்போது ஆளை எடுக்காதீர்கள். அவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுகிற நேரம் அது, நின்றால் அவருக்குக் கூலி நஷ்டம். வெட்டு முடிந்து, சிரட்டையில் பால் நிறையும்வரை அவர் உட்கார்ந்து கட்டன்சாயா குடிக்கிற ஓர் இடைவேளை உண்டு. அப்போது தோட்டத்தின் கிழக்கு விளிம்புக்கு, திறந்த வானம் தெரிகிற இடத்துக்கு, வெட்டுக்கத்தியோடு அழைத்து வாருங்கள். ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் புரை (கொட்டகை) பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது: கொடியில் காயப்போட்ட புதிய ஷீட் வெள்ளையாக இருக்கும், அதன் எதிரில் ஆளை நிறுத்தினால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ரிப்ளெக்டர் வாங்கும் காசு மிச்சம்.

தோட்டத்துக்குள்ளேயேதான் வேண்டுமென்றால் தை, மாசியில் மரம் இலை உதிர்க்கும் காலத்தில் போங்கள். கூரை திறந்து வெளிச்சம் தரைவரை இறங்கும், பச்சையும் இருக்காது. இலை உதிர்ந்தால் பெரும்பாலும் பால் வெட்டுவதையும் நிறுத்திவிடுவார்கள். ஆளுக்கு வேலை இருக்காது, வீட்டில் இருப்பார். ஆனால் தை மாதம் உங்களுக்குத் திருமண மாதம். மாசியை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டம்மாவின் ஷிப்டைக் கேட்டுவிட்டு.